ஆகாசத்திற்கு இருக்கை எண் இல்லை

ஹௌராவிலிருந்து நாக்பூர் வழியாக மும்பை செல்லும் ரயில் ஒன்றின் படுக்கை வசதிப் பெட்டியை வாசகர்கள் மனக்கண் முன் நிறுத்திப் பார்க்கட்டும். இங்கே சொல்லப்படுவது ஓர் எடுத்துக்காட்டுத்தான். ஆயினும் இதைப் போன்ற ஒன்று நம் நாட்டில் நாள்தோறும் ஏதோ ஒரு பெட்டியில் நடந்துகொண்டிருக்கிறது.

வண்டி பிற்பகலில் புறப்படுகிறது. பெட்டியின் ஒரு பகுதியில் நாக்பூருக்குத் திரும்பும் ஒரு பாட்டி, அவருடைய மருமகள், நான்கு வயதுப் பேரன். எதிரே, புற்றுநோய்ச் சிகிச்சைக்காக மும்பை செல்லும் ஒரு பெண்மணியும் துணைக்கு வரும் அவருடைய கணவரும். மேல்படுக்கையில், தேர்வு எழுதச் செல்லும் ஒரு மாணவன். பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கையில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர். சத்சங்கங்களுக்குத் தவறாமல் செல்பவர். கீதை பாராயணம் செய்யாமல் உணவு கொள்ளாதவர்.

கோலாகாட்டில் ரூப்நாராயண் நதியின் பாலத்தை வண்டி கடக்கும்வரை சிறுவன் சன்னலை விட்டு நகரவில்லை. பிறகு சலிப்பு வந்துவிட்டது. டாடாநகர் நிலையத்தில் வண்டி நின்றபோது, அழுத குழந்தைக்குப் பாட்டி ஒரு பொம்மை வாங்கித் தந்தார். பாட்டரியில் ஓடும் போலீஸ் கார். ஒரு பொத்தானை அழுத்தினால் சைரன் ஒலிக்கும். மற்றொன்றை அழுத்தினால் ஒரு திரைப்பாடலின் இரண்டு அடிகள் கேட்கும்.

ஒரு மணி நேரம் சைரனும் பாடலும் மாறி மாறி ஒலித்தன. மாணவன் புத்தகத்தை மூடிவிட்டான். நோயாளிப் பெண்மணி ஒன்றும் பேசவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துக் காதுகளை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். இறுதியில் ஆசிரியர்தான் எழுந்தார். "பிள்ளையை இப்படியா வளர்ப்பது? பத்துப் பேர் இருக்கும் இடம் இது என்ற எண்ணம் வேண்டாமா?" என்று உரத்த குரலில் கேட்டார். பெட்டியே திரும்பிப் பார்த்தது. மருமகளின் முகம் சிவந்தது. "குழந்தை விளையாடாமல் என்ன செய்யும்? நாங்களும் டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் வந்திருக்கிறோம், பாபுஜி" என்றார். சிறுவன் அழத் தொடங்கினான். பொம்மை கூடைக்குள் போயிற்று. அதன்பின் இரு தரப்பும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

நோயாளிப் பெண்மணிக்கு வலி தணிந்து கண் அயர்ந்தபோது இரவு இரண்டு மணி. விடியற்காலை நான்கரைக்கு ஆசிரியர் தம் வழக்கப்படி எழுந்தார்; முகம் கழுவிவந்து கைப்பேசியில் பஜனைப் பாடல்களை ஒலிக்கவிட்டுக் கண்களை மூடி அமர்ந்தார். சிறுவன் விழித்துக்கொண்டான். சற்று நேரம் உற்றுக் கேட்டுவிட்டு, "தாதி, தாதாஜியின் பொம்மை மட்டும் ஏன் பாடலாம்?" என்று கேட்டான்.

பாட்டியிடம் விடை இல்லை. ஆசிரியர் கண்களைத் திறந்தார். எதிரே அந்தப் பெண்மணி மறுபடியும் புடவைத் தலைப்பால் காதுகளை மூடியிருப்பதை அப்போதுதான் பார்த்தார்.

ஆசிரியர் தீயவர் அல்லர். அந்தத் தாயும் பொறுப்பற்றவர் அல்லர். நல்லவர்கள் நிறைந்த ஒரு பெட்டியில் மிகவும் துன்புற்றவர் மட்டும் கடைசிவரை வாய் திறக்கவில்லை. இது எப்படி நேர்ந்தது என்பதே இங்கு ஆராயப்பட வேண்டியது.

ஒலியின் இயல்பு

டிக்கெட்டில் பெட்டி எண் உண்டு, படுக்கை எண் உண்டு. ஒருவருடைய இடம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அது தெளிவாகச் சொல்லிவிடுகிறது. பெட்டியை மற்றவர் இருக்கையில் வைப்பதும், மற்றவர் படுக்கையில் காலை நீட்டுவதும் தவறு என்று யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஒலியின் செய்தி வேறு.

நம் நாட்டின் தத்துவ தரிசனங்களுள் ஒன்றான நியாயம், ஒலியை ஆகாசத்தின் குணம் என்று கூறுகிறது. ஒலி பிறந்த இடத்திலிருந்து காதை எவ்வாறு அடைகிறது என்பதை விளக்க நையாயிகர்கள் இரண்டு உவமைகளைக் கையாண்டனர். ஒன்று நீர்அலை: ஓர் அலை அடுத்த அலையைப் பிறப்பித்துக்கொண்டே செல்வதுபோல ஒலியும் செல்கிறது. மற்றொன்று கடம்ப மலர்: பந்து போன்ற அந்தப் பூவின் இழைகள் எல்லாத் திசைகளிலும் ஒரே சமயத்தில் விரிவதுபோல ஒலியும் விரிகிறது. ஒலி காற்றின் அதிர்வு என்று இன்றைய அறிவியல் விளக்குகிறது. ஆகாசத்தைப் பற்றிய பழைய கொள்கையை அது ஏற்பதில்லை. ஆயினும் கடம்ப மலரின் உவமை இன்றும் பொருந்துகிறது. மடியில் வைத்து அழுத்தப்படும் பொத்தானின் ஓசை மடியில் நிற்பதில்லை. அது மேல்படுக்கைக்கும், அடுத்த பகுதிக்கும், நோயாளியின் தலைமாட்டுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேருகிறது.

பார்க்க விரும்பாதவன் கண்களை மூடிக்கொள்ளலாம். காதுக்கு இமை இல்லை. உறங்கும்போதும் அது திறந்தே இருக்கிறது. எனவே பொது இடத்தில் ஒலி எழுப்புபவர், அங்குள்ள அனைவர் சார்பிலும் ஒரு முடிவை எடுத்துவிடுகிறார். "நானும் டிக்கெட் வாங்கியிருக்கிறேன்" என்னும் வாதம் இங்கேதான் வலுவிழக்கிறது. டிக்கெட் படுக்கைக்கு வாங்கப்பட்டது. ஆகாசத்திற்கு இருக்கை எண் இல்லை. அது எல்லாருக்கும் பொது.

குழந்தையின் பக்கம் நின்று

அப்படியானால் குழந்தை குற்றவாளியா? இல்லை. ஓசை எழுப்பும் பொம்மை மனித நாகரிகத்துடன் கூடப் பிறந்தது. ஹரப்பா நாகரிகத்தின் அகழாய்வுகளில் சுடுமண்ணால் செய்த கிலுகிலுப்பைகளும் பறவை வடிவ ஊதல்களும் கிடைத்துள்ளன. 4,000 ஆண்டுகளுக்கும் முன்பே நம் நாட்டுக் குழந்தைகள் ஓசையில் மகிழ்ந்திருக்கிறார்கள். கர்நாடகத்தின் சன்னபட்டணத்தில் அரக்குச் சாயம் பூசி மரத்தில் கடைந்து செய்யப்படும் கிலுகிலுப்பைகள் இன்றும் தொட்டிலருகே இருக்கின்றன.

குழந்தைக்கு ஓசை ஒரு கண்டுபிடிப்பு. "நான் அசைத்தேன், அது ஒலித்தது" என்னும் அனுபவத்தில்தான் காரணத்தையும் காரியத்தையும் அது இணைத்துக் கற்கிறது. நூறு முறை பொத்தானை அழுத்துவது பிறரை வருத்துவதற்காக அன்று. நூறு முறையும் உலகம் தனக்கு விடை தருகிறதா என்று சோதித்துப் பார்க்கிறது. அந்த ஆவலே பிற்காலத்தில் அறிவாக மலர்வது. அதைத் திட்டி அடக்குவது ஒழுக்கம் கற்பிப்பது ஆகாது.

ஆனால் கிலுகிலுப்பைக்கும் பாட்டரிப் பொம்மைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கிலுகிலுப்பையின் ஓசை குழந்தையின் கையசைவைப் பொறுத்தது. கை ஓய்ந்தால் ஓசையும் ஓயும். பாட்டரிப் பொம்மையோ ஒரு விரலின் தொடுகைக்கு ஒரே அளவில் உரக்க ஒலிக்கிறது. முதல் பாதிப்பு குழந்தையின் காதுக்கே. குழந்தையின் கைகள் குறுகியவை. அது பொம்மையை முகத்தருகே வைத்து விளையாடுகிறது. திறந்த வெளியில் ஒலி பிறக்கும் இடத்திற்கும் காதுக்கும் உள்ள தூரம் பாதியானால் ஒலியளவு சுமார் 6 டெசிபல் கூடும். ஒவ்வொரு 10 டெசிபல் உயர்வும் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காவதைக் குறிக்கும். பாட்டி கை நீட்டும் தூரத்தில் கேட்பதைவிடப் பேரன் மிக அதிகமாகவே கேட்கிறான். உட்செவியில் உள்ள நுண்ணிய மயிர் போன்ற செல்கள் ஒருமுறை அழிந்தால் மனிதனுக்கு மீண்டும் வளர்வதில்லை. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் கருவிகளில் ஒலி கேட்பதற்கு, பெரியவர்களுக்கு வாரத்தில் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபல் என்றும், குழந்தைகளுக்கு அதே நேரத்துக்கு 75 டெசிபல் என்றும் குறைத்து எல்லை வகுத்துள்ளது.

2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்கு உட்பட்டோர் விளையாடும் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை நம் நாட்டில் கட்டாயமாக்கப்பட்டது. வாங்கும்போது அந்த முத்திரையைப் பார்ப்பதோடு, பொம்மையைத் தம் காதருகே வைத்து ஒருமுறை ஒலிக்கச் செய்து பார்ப்பதும் பெரியவர் கடமை. தமக்கே பொறுக்க முடியாத ஓசையைக் குழந்தையின் கையில் தரலாகாது.

ஒரு சுலோகம், இரு பாதிகள்

பகவத் கீதையின் 12-ஆம் அத்தியாயம் பக்தனின் இலக்கணங்களை விவரிக்கிறது. அதன் 15-ஆம் சுலோகத்தில் இரண்டு இலக்கணங்கள் ஒன்றாகச் சேர்த்துக் கூறப்படுகின்றன. பக்தனால் உலகம் கலங்குவதில்லை என்பது ஒன்று. உலகத்தால் பக்தன் கலங்குவதில்லை என்பது மற்றொன்று.

இங்கு ஒரு சொல்லைக் கவனிப்பது நலம். தமிழில் 'உத்வேகம்' என்றால் ஊக்கம், எழுச்சி என்று பொருள் கொள்கிறோம். வடமொழியில் அச்சொல்லுக்கு மனக்கலக்கம், நடுக்கம், பின்வாங்குதல் என்பன பொருள். கீதை இங்கே பேசுவது அந்தக் கலக்கத்தைத்தான். 17-ஆம் அத்தியாயத்தில் வாக்கினால் செய்யும் தவம் விளக்கப்படும் இடத்திலும் இச்சொல்லே வருகிறது: கேட்பவருக்கு உத்வேகம் தராத சொல், உண்மையும் இனிமையும் நன்மையும் உடைய சொல், தவம் எனப்படுகிறது. உண்மையாக இருந்தால் மட்டும் போதாது. கேட்பவரைக் கலங்கச் செய்யாமலும் இருக்க வேண்டும்.

இப்போது ரயில் பெட்டிக்குத் திரும்பலாம். மாலையில் ஆசிரியர் சுலோகத்தின் முதல் பாதியைத் தாய்க்குப் போதித்தார்: உலகத்தைக் கலங்கச் செய்யாதே. அதே நேரத்தில் தாய் இரண்டாம் பாதியை ஆசிரியருக்குப் போதித்தார்: குழந்தையின் விளையாட்டுக்குக் கலங்காதே. இருவரும் கூறியது சாஸ்திரமே. ஆனால் ஒவ்வொருவரும் மற்றவருக்கு உரிய பாதியை வாசித்தார்கள். தமக்கு உரிய பாதியை வாசிக்கவில்லை.

பொது இடத்தில் எழும் சச்சரவுகளில் பெரும்பாலானவற்றின் வேர் இதுவே. ஒலி எழுப்புபவருக்கு உரிய சாதனை, பிறர் கலங்காமல் பார்த்துக்கொள்வது. ஒலியைக் கேட்பவருக்கு உரிய சாதனை, தாம் கலங்காமல் இருப்பது. எந்தப் பாதி தனக்கு உரியது என்பது அந்த நேரத்தில் தான் எங்கே நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது. மாலையில் இரண்டாம் பாதி ஆசிரியருக்கு உரியதாக இருந்தது. விடியற்காலையில் முதல் பாதி அவருக்கு உரியதாயிற்று. இந்த மாற்றத்தை அவர் கவனிக்கவில்லை, குழந்தை கவனித்தது.

பெற்றோருக்கு உரிய பாதி

குழந்தையின் அழுகையையும் பொம்மையின் ஓசையையும் ஒன்றாக எண்ணக் கூடாது. அழுகை ஒரு தேவையின் வெளிப்பாடு. அதைப் பொத்தானை அழுத்தி நிறுத்த முடியாது. பொம்மையோ பெரியவர் வாங்கி, பெரியவர் பையில் வைத்துக் கொண்டுவந்தது. எனவே அதன் பொறுப்பு முழுவதும் பெரியவருடையது.

பொறுப்பு பயணத்திற்கு முன்பே தொடங்குகிறது. பை கட்டும்போதே ஓசையுள்ள பொம்மைகளின் பாட்டரியைக் கழற்றிவிடலாம். கார் அப்போதும் ஓடும். சைரனைக் குழந்தையே வாயால் மெல்ல எழுப்பிக்கொள்ளும். துணிப் பொம்மை, மரக் கட்டைகள், வண்ணப் பென்சில், களிமண், நூல் கோத்து விளையாடும் மணிகள் ஆகியவை ஒலியின்றி நெடுநேரம் துணை நிற்பவை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எடுத்துக் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் சலித்துவிடும். இரண்டு மணிக்கு ஒன்றாக எடுத்துத் தந்தால் நாள் முழுவதும் புதுமை இருக்கும்.

சன்னலும் ஒரு பொம்மைதான். அடுத்த ஆறு எப்போது வரும், எதிரே வரும் சரக்கு வண்டியில் எத்தனை பெட்டிகள், நிலையத்தின் பெயர்ப்பலகையில் எத்தனை எழுத்து வகைகள் என்று எண்ணப் பழகிய குழந்தைக்கு நம் நாடே பாடப்புத்தகமாகிறது. ரூப்நாராயண் நதியைக் கடக்கும்வரை அந்தச் சிறுவன் நகரவில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அப்போது யாரும் அவனோடு பேசவில்லை. யாராவது பேசியிருந்தால் பொம்மையே தேவைப்பட்டிராது.

குழந்தைக்குக் காரணம் சொல்ல வேண்டும். "சத்தம் போடாதே" என்னும் கட்டளை குழந்தைக்கு அச்சத்தைக் கற்பிக்கும். "எதிரே இருக்கும் மௌசிக்கு உடம்பு சரியில்லை, அவர் தூங்கட்டும்" என்னும் சொல் கருணையைக் கற்பிக்கும். இரண்டிலும் பொம்மை அமைதியாகலாம். ஆனால் முதலாவது, அதட்டுபவர் கண்மறைந்ததும் பயனற்றுப் போகும். இரண்டாவது, வாழ்நாள் முழுவதும் உடன் வரும். எதிரே இருப்பவர் யார், அவருக்கு என்ன வேண்டும் என்று திரும்பிப் பார்க்கும் பழக்கம் நான்கு வயதில் ஒரு ரயில் பெட்டியில் தொடங்குமானால், அதைவிடச் சிறந்த பாலபாடம் வேறில்லை.

எல்லாக் குழந்தைகளாலும் இது இயலாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சில குழந்தைகளின் மூளை வளர்ச்சியின் இயல்பு வேறு. ஒரு குறிப்பிட்ட ஓசையோ பொருளோ இருந்தால்தான் கூட்டத்தின் நடுவே அவர்கள் அமைதி கொள்வார்கள். அத்தகைய குழந்தையின் பெற்றோர் ஏற்கெனவே பல பார்வைகளைத் தாங்கி வந்தவர்கள். அவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு சொல் முன்கூட்டியே சொல்லிவைத்தால், பெரும்பாலோர் புரிந்துகொள்வார்கள்.

இடையூறு அடைந்தவருக்கு உரிய பாதி

கலங்காமை என்பதற்கு, எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பது என்று பொருள் இல்லை. உள்ளே கொதித்துக்கொண்டு வெளியே மௌனமாக இருப்பது கலக்கமே. அது ஒரு மணி நேரம் கழித்துக் கடுஞ்சொல்லாக வெடிக்கும். ஆசிரியருக்கு நேர்ந்தது அதுதான். முதல் பத்து நிமிடங்களில் அன்போடு கேட்டிருக்கக் கூடியதை, ஒரு மணி நேரம் சேர்த்துவைத்துக் கோபமாகக் கொடுத்தார்.

கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. தம் இருக்கையிலிருந்தபடி பெட்டி முழுவதும் கேட்கும்படி சொல்லாமல், எழுந்து அருகில் சென்று தாழ்ந்த குரலில் சொல்ல வேண்டும். குழந்தையோடு முதலில் நட்புக் கொள்ள வேண்டும்; "உன் கார் எங்கே போகிறது, பேட்டா?" என்று கேட்டவர் சொல்வதைக் குழந்தையும் கேட்கும், தாயும் கேட்பார். வளர்ப்பைப் பற்றிப் பேசாமல் தேவையைப் பற்றிப் பேச வேண்டும். "அந்தச் சகோதரிக்கு உடல்நலம் இல்லை, சற்று ஓய்வு தேவைப்படுகிறது, மாஜி, கொஞ்ச நேரம் ஒலியை நிறுத்தி வைக்கலாமா?" என்று கேட்டிருந்தால் பாட்டி மறுத்திருப்பாரா? பிள்ளை வளர்ப்பைக் குறை கூறும்போது எந்தத் தாயும் தற்காப்பில் இறங்குவார். உதவி கேட்கும்போது பெரும்பாலோர் உதவவே செய்வார்கள்.

இன்னொன்றும் உண்டு. பேச இயலாதவர் சார்பில் பேசுவது பேச இயன்றவரின் கடமை. அந்தப் பெண்மணி காதை மூடிக்கொண்டதை மாணவன் மேலிருந்து பார்த்தான். கணவர் அருகிலிருந்து பார்த்தார். இருவரும் பேசவில்லை. ஆசிரியர் பேசினார், ஆனால் தமக்காகப் பேசினார். கேட்டும் பயனில்லாதபோது டிக்கெட் பரிசோதகரிடம் சொல்லலாம். ரயில்வேயின் 139 என்னும் உதவி எண்ணையும் அழைக்கலாம். அது பகை கொள்வது ஆகாது. ஆனால் அது முதல் படியாக இருத்தல் கூடாது.

பக்தியும் ஒலியும்

விடியற்காலைப் பஜனைக்கு வருவோம். சாதகர்கள் மிகவும் கவனமாகச் சிந்திக்க வேண்டிய இடம் இது. பொம்மையின் சைரன் இரைச்சல் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் இறைவன் திருநாமம் எப்படி இரைச்சலாகும் என்று பக்தர் உள்ளம் கேட்கும். தீர்த்த யாத்திரைக் குழுக்கள் பெட்டியில் கைத்தாளத்தோடு பாடிச் செல்வதும், சத்சங்க உரைகளைக் கைப்பேசியில் உரக்க ஒலிக்கவிடுவதும் இந்த நம்பிக்கையால்தான்.

திருநாமம் புனிதமானது. ஆனால் இரவெல்லாம் வலியில் துடித்துவிட்டுச் சற்றுமுன் கண்ணயர்ந்தவரின் காதுக்கு அதுவும் கடம்ப மலர்போல் விரிந்து வரும் ஒலியே. விழிப்படைந்தவர் உள்ளத்தில் அந்நேரம் எழுவது பக்தியா, சலிப்பா? திருநாமத்தின்மேல் ஒருவருக்குச் சலிப்பு உண்டாகும்படி செய்வது அத்திருநாமத்திற்குச் செய்யும் தொண்டாகுமா? ஜபத்தில் வாய்விட்டுச் சொல்வதைவிட உதடு மட்டும் அசையச் சொல்வதும், அதைவிட மனத்தினால் ஜபிப்பதும் உயர்ந்தவை என்பது நம் மரபு. இரவு வண்டி மானச ஜபத்திற்கு ஏற்ற இடம். சக்கரங்களின் தாளம் அதற்குத் துணை செய்யும்.

பெரியவர்கள் கைப்பேசியில் உரக்க ஒலிக்கவிடும் செய்திகளும் படக்காட்சிகளும் இன்று குழந்தைகளின் பொம்மைகளைவிட அதிகமாகப் பயணங்களை நிரப்புகின்றன. அதைப் பார்த்து வளரும் குழந்தைக்குப் பொம்மையின் ஒலியைக் குறைக்கச் சொல்லும் தகுதி பெரியவருக்கு எங்கிருந்து வரும்? 'தாதாஜியின் பொம்மை' என்று சிறுவன் சொன்னது கேலி அன்று. அவன் கண்ணில் பட்டதை அப்படியே சொன்னான்.

சட்டமும் தர்மமும்

அரசும் நிர்வாகங்களும் இதில் வாளா இருக்கவில்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையிலான நேரத்தை இரவு என வரையறுத்து, குடியிருப்புப் பகுதிகளுக்கு அந்நேரத்தில் 45 டெசிபல் என்னும் எல்லையை விதிக்கின்றன. முன்பதிவுப் பெட்டிகளில் படுத்துறங்கும் நேரத்தையும் ரயில்வே நிர்வாகம் 2017-இல் இதே 10 மணி முதல் 6 மணி வரை என்று மாற்றியமைத்தது. இரவு 10 மணிக்குப் பின் உரத்த குரலில் பேசுவதையும், காதொலிக் கருவியின்றிப் பாடல் கேட்பதையும் தவிர்க்கச் செய்யுமாறு 2022 ஜனவரியில் ரயில்வே ஊழியர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. கர்நாடக அரசுப் பேருந்துகளில் 2021-இலும், மும்பையின் பெஸ்ட் பேருந்துகளில் 2023-இலும் கைப்பேசியை உரக்க ஒலிக்கவிடுவது தடை செய்யப்பட்டது.

விதிகள் தேவையானவை. ஆயினும் ரயில்வேயின் அறிவுறுத்தல் இரவு பத்து மணிக்குத்தான் தொடங்குகிறது. மாலை ஏழு மணிக்கு வலியோடு படுத்திருப்பவரை அது காப்பதில்லை. அந்த மூன்று மணி நேரத்தைக் காக்க வேண்டியது உடன் பயணிப்பவரின் உள்ளம். சட்டம் கடிகாரத்தைப் பார்க்கிறது. தர்மம் எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்க்கிறது.

ஆசிரியர் கைப்பேசியை அணைத்தார். எழுந்து சென்று, எதிர்ப் படுக்கையருகே நின்று, "மன்னியுங்கள், பெஹன்ஜி" என்று மெல்லச் சொன்னார். பெண்மணி தலையை மட்டும் அசைத்தார். பிறகு அவர் மருமகளின் பக்கம் திரும்பினார். என்ன சொல்வதென்று தெரியாமல் சிறிது நின்றார். பாட்டி நகர்ந்து, சன்னலோரம் இடம் விட்டார். பொழுது புலரும்வரை அவரும் சிறுவனும் ஒலி எழுப்பாத காரை இருக்கையின் விளிம்பில் முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டிருந்தார்கள். நாக்பூர் வருவதற்குள் மாணவன் நான்கு பக்கங்கள் படித்துவிட்டான். அந்தப் பெண்மணி உறங்கிக்கொண்டிருந்தார்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. அண்மையில் செய்த ஒரு பயணத்தை நினைவுகூர்க. அதில் எழுந்த ஒலிகளுள் எவை தேவையால் எழுந்தவை, எவை விருப்பத்தால் எழுந்தவை?

2. சாஸ்திரத்தின் ஒரு கருத்தைப் பிறரைத் திருத்துவதற்கு மேற்கோள் காட்டிய தருணம் உண்டா? அப்போது தமக்கு உரிய பாதி எதுவாக இருந்தது?

3. "சத்தம் போடாதே" என்பதற்குப் பதிலாக, காரணத்தையும் கருணையையும் சேர்த்துச் சொல்லும் மூன்று வாக்கியங்களைக் குடும்பத்தினர் ஒன்றுகூடி அமைக்க.

4. அடுத்த ரயில் அல்லது பேருந்துப் பயணத்தில் ஏறி அமர்ந்ததும், பொருள்களை அடுக்குவதற்கு முன், சுற்றியிருப்போரின் முகங்களை ஒருமுறை பார்க்க. அவர்களுள் பேச இயலாமல் துன்புறுபவர் யார்?